எழுதினால் இறங்கிவிடுமா அக்கி?

"அக்கிக்கு மாத்திரை எதற்கு? குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதினால் போதும்" என்கிறார் நண்பர். கொங்கு ஊர்களில் எழுதி ஆறியவர்கள் ஏராளம் என்பதே அவர் காட்டும் சான்று. ஆறியது உண்மை, ஆற்றியது காவியல்ல. உடம்பில் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவருக்கு அக்கி 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் தானாகவே காய்ந்து உதிரும்.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், கீமோதெரபியில் இருப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர் கணக்கு வேறு. என்றோ வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, காவல் தளர்ந்ததும் எழுகிறது. ஒரு பக்கப் பட்டையோடு நிற்காமல் நுரையீரல், கல்லீரல், மூளை வரை போகலாம். இளவயதில் அக்கி கண்டால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்வதும் இதனால்தான்.

அக்கிக்குத் தரும் மாத்திரையான ஏசைக்ளோவிர் ஒன்றும் நேற்று வந்த சரக்கல்ல. அதன் உருவாக்கத்தில் பங்குள்ள கெர்ட்ரூட் எலியன் 1988-லேயே நோபல் பரிசு பெற்றுவிட்டார். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. எழுதிவிட்டுக் காத்திருப்பது அந்த மணிகளைத்தான் தின்கிறது. கண்ணோரம் வந்தால் பார்வையே போகலாம்.

மனத்தெம்புக்கு எழுதிக்கொள்ளட்டும். முதலில் கோவை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு, பிறகு குயவர் வீடு. உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் மண் வேண்டாம்.