தரகுப் பணம்

கடந்த மாதம் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து நம் அறைக்குத் திரும்பியபோது, ஒரு தாயார் வாயிலில் காத்திருந்தார். கணவர் காலமாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. கோயம்புத்தூரிலுள்ள மகனிடம் சென்று வாழ எண்ணி, இங்குள்ள வீட்டை விற்க முனைந்திருக்கிறார்.

"40 லட்சத்துக்குப் போகும் என்கிறார் தரகர், சுவாமி. 2 சதவீதம் கேட்கிறார். நாலு பேரை அழைத்து வந்து காட்டுவதற்கு 80,000 ரூபாயா?" என்று வினவினார்.

தரகர் என்றதுமே முகஞ்சுளிப்பது நம்மவர் வழக்கம். அது முறையன்று. வருகிறவர் வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா எனப் பிரித்தறிவதும், இருதரப்பாரின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு விலையை முடித்துவைப்பதும் உழைப்பேயாகும். ஆயினும் 2 சதவீதம் என்பது ஊர் வழக்கமே தவிர வேறன்று, பேசிக் குறைக்கலாம். வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு ஆகியவற்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவன்கூடக் கைப்பேசியில் எடுத்துக் காட்டிவிடுவான். அதற்கெனத் தனியே பணம் தர வேண்டியதில்லை.

தாயார் பிறகு கூறியதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. மற்றொரு தரகர் கமிஷனே வேண்டாம் என்றாராம். "உங்கள் கையில் 38 லட்சம் வந்தால் போதுமல்லவா அம்மா? மேலே கிடைப்பது என் பாடு" என்றாராம். தாயாருக்கு அது பெருந்தன்மையாகத் தோன்றியிருக்கிறது! வாங்குபவர் 43 லட்சம் தந்தால், 5 லட்சம் யாருக்குப் போகும்? நமக்குத் தெரியாமல் முகவர் தம் சொந்த ஆதாயத்துக்காகச் செயல்பட்டால், அந்த ஆதாயத்தை நாம் கேட்டுப் பெற 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இடமளிக்கிறது. நாமே வாயாரச் சம்மதித்துவிட்ட பின்னர் எதைக் கேட்பது? இத்தகையோர் அடுத்துக் கேட்பது 'பவர்' பத்திரம். அதில் ஒருபோதும் கையொப்பமிட வேண்டாம் என்று கண்டிப்பாகவே கூறினோம்.

"பக்கத்து வீட்டாரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டோம். சொல்லவில்லையாம். வீட்டை விற்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று ஊர் பேசுமே என்ற கூச்சம். தரகரைத் தேடி ஓடுவோரில் பாதிப்பேர் இந்தக் கூச்சத்துக்குத்தான் கூலி தருகிறார்கள் என்பது நம் எண்ணம். சொல்லிப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தோம்.

இரு வாரங்கள் கழித்து வந்தார். பக்கத்து வீட்டார் 39 லட்சத்துக்குக் கேட்கிறாராம். முதல் தரகரோ 41 லட்சத்துக்கு ஆளைக் கொண்டுவந்துவிட்டார். காகிதத்தில் கணக்கிட்டோம். 2 சதவீதமான 82,000 ரூபாய் போனாலும் தாயாருக்கு 40,18,000 ரூபாய் நிற்கிறது. நாம் எண்ணியதற்கு மாறாக, தரகரை அமர்த்துவதே இலாபமாயிற்று. தரகுத் தொகையை வங்கி வழியே செலுத்தி, இரசீது பெற்றுக்கொள்ளுமாறு கூறினோம். வீடு விற்ற ஆதாயத்துக்கு வரி கணக்கிடும்போது அதனைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

தாயார் புன்னகைத்தார். "ஒன்றரை சதவீதத்துக்குப் பேசி முடித்துவிட்டேன், சுவாமி" என்றார்.