குரலுக்கு மாளிகை வேண்டுமா?

தீவகத்துப் பாடல்களைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம், "அருமையான குரல்கள்தாம், ஆனால் இங்கே ஒலிப்பதிவுக்கூடம் ஏது?" என்று கைவிரிப்போர் நம்மிடையே பலர். இக்கூற்றை நாம் ஒப்புவதற்கில்லை. கோயிலின்மேல் பக்திப் பாடல் தொகுப்பு வெளியிடப் புலம்பெயர்ந்த உறவினர் பணம் அனுப்பினால் கூடமும் கிடைக்கிறது. பாடகரும் கடல்கடந்து கிடைக்கின்றனர். வலையிழுக்கும் தொழிலாளியின் அம்பாப் பாடலுக்கும், நெடுந்தீவுத் தாயின் ஒப்பாரிக்கும், ஊர்காவற்றுறைக் கூத்துக் கலைஞனின் தருவுக்கும் மட்டும் கூடம் இல்லாமற் போகிறது! இல்லாதது கூடமா, மனமா?

1933ஆம் ஆண்டில் ஜோன் லோமாக்சும் அவர் மகன் அலனும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்டு, நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுப் பொறியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலங்களிலே திரிந்தனர். சிறைகளில் அடைபட்டிருந்த கறுப்பின மக்களின் பாடல்களை அங்கேயே பதிந்தனர். பாடியவரைக் கூடத்துக்கு அழைக்கவில்லை. பொறியைப் பாடியவரிடம் கொண்டுசென்றனர். அதனினும் திறன்மிக்க பொறி இன்று நம் மாணவனின் சட்டைப்பையில் கிடக்கிறது.

வீட்டில் ஒலிப்பதிவது மந்திரவித்தையன்று. ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, இரண்டையும் இணைக்கும் சிறு கருவி, ஒரு ஹெட்போன் போதும். இவையும் இல்லையேல் கைத்தொலைபேசியோடு தொடங்கலாம். 2000ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ஒடாசிட்டி என்னும் மென்பொருளுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் விட்டு, நேரே வையாது சற்றே விலக்கி வைத்தால் பகரம் வெடிப்பதில்லை. வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பியெறியும். மெத்தையும் தடித்த போர்வையும் அதனை விழுங்கும். மின்விசிறியை நிறுத்தி, சோளகம் வீசும் பக்கத்துச் சாளரத்தை அடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒலிமட்டம் உச்சத்தைத் தொடாதபடி இடம்விட்டுப் பதியவேண்டும். உச்சத்தில் வெட்டுண்ட ஒலியைப் பின்னர் முழுமையாக மீட்க இயலாது.

சென்ற ஆண்டு முதிய அண்ணாவியார் ஒருவரின் வீட்டறையில், மாணவர் சிலரோடு இம்முறையிற் பதிவு செய்தோம். குரலையும் மத்தளத்தையும் தனித்தனியே பதிந்து பின்னர் இணைக்கலாம் என்று, படித்ததை ஒப்புவித்தோம். முதியவர் நகைத்தார். "தம்பி, மத்தளம் இல்லாமல் நான் எங்க காலை வைக்கிறது?" என்றார். அவரை ஒலிவாங்கிக்கு அருகிலும் மத்தளத்தை அறையின் கோடியிலும் இருத்தி, இரண்டையும் ஒன்றாகவே பதிந்தோம். பாட்டு உயிர்பெற்றது. அன்று ஆசிரியர் அவர், மாணவர் நாம்.

இன்னொரு கேட்டையும் சுட்டாது விடுவதற்கில்லை. மத்தளத்தை அகற்றி மின்னிசைப் பலகையை வைப்பதும், முதிய குரலின் கரகரப்பையெல்லாம் பொறியால் மழித்தெடுப்பதும் 'தரம்' எனப்படுகின்றன. 1960களில் உழைப்பாளர் பேச்சை எழுத்திற் கொண்டுவந்தோரை 'இழிசனர் இலக்கியம்' படைப்போர் என்று பழித்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பழிப்பே இன்று தரம் என்னும் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறது. பறையொலியைப் பதியத் தயங்கும் கை சாதியின் கையே அன்றி வேறென்ன?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒரே இடத்திற் சேர்த்துவைத்த செல்வம் ஒரே இரவிற் சாம்பலாகலாம் என்பதைக் கண்டோம். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோது, கூடிப் பாடியவர்கள் சிதறுவதையும் கண்டோம். ஆகவே பதிந்ததற்குப் பல படிகள் வேண்டும். முதற்படி பாடியவரின் வீட்டுக்கே உரியது, அடுத்தது பாடசாலைக்கு. அவர் ஒப்பினால், 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்கும் ஒன்று செல்லலாம். பாடியவரின் பெயரை மறைத்துத் தம் பெயரைப் பொறிப்பது பதிவன்று, களவு.

ஆசிரியர்களே, இளைஞர்களே! அடுத்த விடுமுறையில் ஒரு வீட்டின் கதவைத் தட்டுங்கள். நம் அண்ணாவியாருக்கு எண்பது கடந்துவிட்டது. கூடம் கட்டிமுடியும்வரை அவர் மூச்சு காத்திருக்குமா?