நடக்கத் தெரியாத குழந்தைக்குக் கதவு மட்டும் போதுமா?

வைக்கோற் போரை மாட்டுக் கொட்டிலோடு ஒட்டிக் குவிக்கும் விவசாயியை எமது நாட்டில் காண்பது அரிது. அடுப்படியிலிருந்து ஒரு பொறி பறந்தால் என்னவாகும் என்பதை அவனுக்கு எந்தச் சட்டப் புத்தகமும் கற்பிக்கவில்லை. கட்டுத்தறியில் நிற்கும் மாடு தானாகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடாது. மனிதன் போய் அவிழ்த்துவிட வேண்டும். ஆகவே அவன் போரைத் தள்ளி வைக்கிறான். கொட்டிலின் வாயிலை அகலமாக விடுகிறான். மாட்டுக்காக நாம் செய்யும் இந்த யோசனையை, பகற்பொழுதில் பிறர் கையில் ஒப்படைத்துச் செல்லும் எமது குழந்தைகளுக்காகச் செய்திருக்கிறோமா என்பதே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

குழந்தையைப் பிறரிடம் விட்டுச் செல்லும் வழக்கம் இன்று ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வைத்தியரும் ஆசிரியையும் வங்கி உத்தியோகத்தரும் காலையில் பராமரிப்பு நிலையத்தின் வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டே கடமைக்குச் செல்கின்றனர். மலையகத்திலோ இது நேற்றைய வழக்கமன்று. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகும் தாய், தன் கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் கிடத்திவிட்டுத்தான் தலைமுறை தலைமுறையாக மலையேறி வந்திருக்கிறாள். தமிழ்த் தாய்மாருக்கு இத்துணை நெருக்கமான ஒரு நிறுவனத்தைப் பற்றி எமது அரசியல் மேடைகளில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

இவ்விடயத்தில் உலகம் பெற்ற பாடங்களுள் மிகக் கொடியது மெக்சிக்கோ நாட்டின் சொனோரா மாநிலத்தில், எர்மொசியோ நகரில் நிகழ்ந்தது. 2009 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணியை அண்டிய வேளை. ஏ. பி. சி. என்னும் பராமரிப்பு நிலையத்தில் நூற்றுநாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். பலர் உண்டபின் நித்திரையில் ஆழ்ந்திருந்தனர். அந்த நிலையம் பராமரிப்பு நிலையமாகவென்று கட்டப்பட்டதன்று. பண்டகசாலையொன்று குழந்தைகளுக்கென மாற்றியமைக்கப்பட்டிருந்தது. அதே கூரையின் கீழ், சுவருக்கு அப்பால், மாநில அரசாங்கத்தின் நிதித் திணைக்களம் தன் பழைய கடதாசிகளை அடுக்கி வைத்திருந்தது. தீ அங்கேதான் பிறந்தது. அங்கிருந்த குளிரூட்டும் இயந்திரம் ஒன்று அளவுமீறிச் சூடேறியதே காரணம் என்று உத்தியோகபூர்வ விசாரணை கூறிற்று. சுவருக்கு மேலாகக் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே புகுந்த தீ, பொலியூரித்தேன் நுரையைப் பற்றி உருக்கிக் குழந்தைகள் மீது வீழ்த்தியது. அவ்வகை நுரை எரியும்போது கரியமில வாயுவோடு காபன் ஓரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் கிளம்பும். தீ அணுகுமுன்னரே புகை கொன்றுவிடும்.

அவசர வாயில் என்று பெயர்பெற்றிருந்த கதவு உரிய வேளையில் பயன்படவில்லை. அயலிலிருந்த ஒருவர் தமது வாகனத்தைச் சுவரின்மீது மீண்டும் மீண்டும் மோதித் துவாரம் ஏற்படுத்தினார். அவ்வழியே குழந்தைகள் வெளியே எடுக்கப்பட்டனர். 49 குழந்தைகள் மாண்டனர். பலர் ஆயுள் முழுவதும் மாறாத வடுக்களோடு தப்பினர். இவையனைத்திலும் எம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. இச்சம்பவத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அந்நிலையம் பரிசோதனையில் தேறியிருந்தது.

தேறியது எவ்வாறு? பரிசோதகருடைய தாளில் கதவு இருந்தது, தீயணைப்புக் கருவி இருந்தது, கையொப்பமும் இருந்தது. குழந்தைகளை வெளியே கொண்டுவர முடியுமா என்ற கேள்வி மாத்திரம் அத்தாளில் உயிரோடு இருக்கவில்லை. பின்னர் நடந்ததோ எமக்கு நன்கு பழக்கமான நாடகமே. நிலையத்துக்குப் பணம் கொடுத்தது மத்திய சமூகப் பாதுகாப்பு நிறுவனம். நடத்தியவர்கள் ஒப்பந்தம் பெற்ற தனியார். பக்கத்துப் பண்டகசாலை மாநில அரசாங்கத்தினது. உள்ளூர்ப் பாதுகாப்புக்கு நகர நிர்வாகம். நான்கு எசமானர், நால்வரும் மற்ற மூவரைச் சுட்டினர். 2010 ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதியரசர்கள், பாரதூரமான உரிமை மீறல் நடந்தது என்று கண்டபோதும், உயர் பதவியினரைப் பொறுப்பாளிகளாக்க மறுத்தனர். ஆயினும் பெற்றோர் ஓயவில்லை. வீதியில் இறங்கி நின்று, 2011 ஒக்ரோபரில் ஒரு பொதுச் சட்டத்தைப் பெற்றனர். மக்கள் அதனை 'ஜூன் 5 சட்டம்' என்றே அழைக்கின்றனர். ஆபத்தான தொழிலிடம் எதுவும் பராமரிப்பு நிலையத்துக்கு ஐம்பது மீற்றருக்குள் இருத்தலாகாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையேனும் கட்டடத்தில் உள்ள அனைவரும் பங்குபற்றும் வெளியேற்றப் பயிற்சி நடத்தப்பட வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. எமது விவசாயி வைக்கோற் போரைத் தள்ளி வைத்த அறிவு, 49 சவப்பெட்டிகளுக்குப் பின்னர் அங்கே சட்டமாயிற்று.

மெக்சிக்கோ தூரம் என்று எண்ணுவோருக்குக் கும்பகோணம் தூரமன்று. 2004 ஜூலை 16 இல், சமையற் கூடத்தில் எழுந்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 பாலகர்களைப் பலி கொண்டதை அறியாத தமிழர் இலர். அதன் பின்னரே தமிழ்நாட்டுப் பாடசாலைகளின் ஓலைக் கூரைகள் இறக்கப்பட்டன. பாதுகாப்பான கட்டடத்தில் கற்பதும் கல்வியுரிமையின் பகுதியே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரிலில் தீர்ப்பளித்ததும் அத்துயரத்தின் பின்னணியிலேதான். எமது நாட்டவர் ஏராளமானோர் உழைக்கும் கட்டார் நாட்டில், டோஹா நகரத்து அங்காடி மாளிகை ஒன்றில் 2012 மே 28 இல் மூண்ட தீ 19 உயிர்களைக் கவர்ந்தது. அவர்களுள் 13 பேர் அங்கிருந்த சிறுவர் பராமரிப்பு நிலையத்துக் குழந்தைகள். நிலையம் மேல்மாடியில் இருந்தது; படிக்கட்டு இடிந்துபோகவே, தீயணைப்போர் கூரையைப் பிளந்து உள்ளே இறங்க நேர்ந்தது. அங்கே பணத்துக்குப் பஞ்சமா? ஓலைக்கும் பளிங்குக்கும் தீ வேற்றுமை பார்ப்பதில்லை.

இனி விடயத்தின் மையத்துக்கு வருவோம். தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் எழுதப்படும் தீப் பாதுகாப்பு விதிகள் யாவும் ஓர் அனுமானத்தின் மீது நிற்கின்றன: மணி அடித்தால் மனிதன் எழுந்து நடப்பான். அதனால் அவ்விதிகள் கதவின் அகலத்தை அளக்கின்றன. படியின் உயரத்தை அளக்கின்றன. பத்து மாதக் குழந்தைக்கு மணியோசை அழுவதற்கு ஒரு காரணம் மட்டுமே. அதைத் தூக்கிச் செல்ல ஒருவர் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையோ, கால் இருந்தும், பயத்தில் பாய்க்கடியிலும் அலுமாரிக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளும். ஆகவே குழந்தைகள் நிலையத்தில் கதவை எண்ணுமுன் கையை எண்ண வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடக்காத குழந்தைகள் பன்னிருவர், ஆயாமார் இருவர். ஒருத்தி ஒரு முறைக்கு இருவரைத் தூக்கலாம். அப்படியானால் இருவரும் மும்முறை உள்ளே போய்வர வேண்டும். முதலாம் முறை புகை கூரையோடு நிற்கும். இரண்டாம் முறை அது தலைமட்டத்துக்கு இறங்கியிருக்கும். மூன்றாம் முறை அந்த ஆயா உள்ளே நுழைந்து திரும்பி வருவாளா என்பதை நாம் எழுத விரும்பவில்லை. வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு வாங்குகிறார். கைக்குழந்தையோ 30 முதல் 60 தடவை. அதே புகையில் அது எம்மினும் விரைவாக நஞ்சுண்ணுகிறது. எனவே மூன்றாம் முறை என்பது கணக்கில் மட்டுமே உள்ள முறை.

இதை உணர்ந்த நாடுகள் இருவழியால் பரிகாரம் தேடின. ஒன்று, கையைக் கூட்டுதல்: இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருந்தே ஆகவேண்டும். மற்றையது, தூரத்தைக் குறைத்தல்: அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் கட்டட விதிக்கோவை, இரண்டரை வயதுக்குட்பட்டோரை வைத்திருக்கும் ஒவ்வோர் அறையும் நிலமட்டத்தில் இருந்து, நேரே வெளிமுற்றத்துக்குத் திறக்கும் சொந்தக் கதவையும் கொண்டிருந்தால், அந்நிலையத்தின் மீது இறுக்கம் குறைந்த விதிகளையே சுமத்துகிறது. அதாவது அறையை விட்டால் முற்றம். நடைபாதை இல்லை, படி இல்லை. சில இடங்களில் தொட்டிலுக்குச் சில்லுப் பூட்டி, நாலைந்து குழந்தைகளை ஒன்றாக ஏற்றித் தள்ளிக்கொண்டு வெளியேறும் வழக்கமும் உண்டு. சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் தள்ளுவண்டிக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

எமது பிள்ளைமடுவத்துக்கு இவ்வளவுகோலைக் கொண்டுவருவோம். இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 இல் பிறந்து பலமுறை திருத்தப்பட்டது. பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை வழங்க அது பணிக்கிறது: பிள்ளைமடுவம் உள்ள இடத்தில் அரைமணி வீதம், இல்லாத இடத்தில் ஒரு மணி வீதம். தாயின் பாலுக்கு நிமிடக் கணக்கில் யோசித்த சட்டம் அது, நல்ல சட்டம். எனில் அவள் பால் கொடுத்துவிட்டு மீண்டும் மலையேறிய பின்னர் மடுவத்தில் எத்தனை கைகள் எஞ்சுகின்றன என்பதையும் நிமிடக் கணக்கில் யாராவது யோசிக்க வேண்டாமா?

லயங்களில் தீப்பிடித்தது என்ற செய்தி எமக்குப் புதிதன்று. ஒரே நீண்ட கூரையின் கீழ் குடும்பங்கள் வரிசையாக வாழும் அமைப்பில், ஒரு காம்பராவில் மூண்டது மறு தலைப்புவரை ஓடிவிடுகிறது. தீயணைப்பு வண்டி நகரத்தில் நிற்கிறது. நகரத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே உள்ள பாதையை அறிந்தவர்கள் அது எப்போது வந்து சேரும் என்று கேட்கமாட்டார்கள். தீயோடு போராடுவது தோட்டத்து மக்களே. ஆனால் பகல் பத்து மணிக்குத் தீ மூண்டால் அவர்கள் எங்கே இருப்பர்? மலையில் இருப்பர். உடல் வலுவுள்ளோர் யாவரும் விலகியிருக்கும் வேளையில்தான் பிள்ளைமடுவம் நிறைந்திருக்கிறது. இந்த ஒன்றே, மலையகப் பிள்ளைமடுவத்துக்குப் பொதுவிதி போதாது, தனிவிதி வேண்டும் என்பதற்குத் தக்க நியாயம்.

இங்கும் எசமானர் பலர். 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நலன்புரிப் பணிகளில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்குப் பங்குண்டு. பாலர் பாடசாலைகளின் நிர்வாக மேற்பார்வை 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தால் மாகாண சபைக்குரியது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு மத்தியில் ஓர் அதிகார சபை 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. எர்மொசியோவில் நால்வர் நின்ற அதே நிலை. சம்பவத்துக்குப் பின் எவர் எவரைச் சுட்டுவார் என்பதை இப்பொழுதே எழுதிவிடலாம்.

தோட்டக் கம்பனிகளை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. நகரங்களில் வாடகை வீடே பராமரிப்பு நிலையமாகிறது. கள்வருக்கு அஞ்சிச் சாளரந்தோறும் இரும்புக் கம்பி. முன்வாசலில் மடிப்புக் கதவும் பூட்டும். திறப்பு உரிமையாளரின் கைப்பையில். பிள்ளை வீதிக்கு ஓடிவிடக்கூடாதே என்று இந்தப் பூட்டை விரும்பிக் கேட்பவர்கள் நாமே. அவ்விருப்பம் நியாயமானதே, ஆனால் பூட்டு வேண்டாம், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஆயாவின் ஒரு கைக்குத் திறக்கும் தாழ்ப்பாள் போதும். மற்றக் கையில் குழந்தை இருக்கும் என்பதை மறக்கலாகாது. நிலையத்தின் சுவரில் தீட்டிய சித்திரங்களையும் ஆங்கிலப் பாட்டையும் விசாரிக்கும் படித்த பெற்றோர், சமையல் எரிவாயுச் சிலிண்டர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று விசாரிப்பதை நாம் அதிகம் கேட்டதில்லை.

விதிகளை இறுக்கினால் ஏழைகளின் நிலையங்கள் மூடப்பட்டுவிடும் என்பார் சிலர். இக்கூற்றை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. மடுவம் மூடப்பட்டால் தாய் வேலைக்குப் போகாதிருக்க மாட்டாள். ஏழு வயது அக்காளிடம் கைக்குழந்தையை விட்டு, அடுப்பு எரியும் காம்பராவின் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். அது மடுவத்தினும் பெரிய ஆபத்து. ஆகவே நீர்தூவிக் குழாய்களையும் மின்னணு எச்சரிக்கைகளையும் முதல் நாளிலேயே கேட்டு எவரையும் மூடச் சொல்வது எமது நோக்கமன்று. கைக்குழந்தைகளை வெளிமுற்றத்துக்கு அண்மித்த அறைக்கு மாற்றுவதற்குப் பணம் வேண்டியதில்லை. இரண்டாவது கதவொன்றை வெட்டுவது ஒரு மேசனுக்கும் ஒரு தச்சனுக்கும் சில நாள் வேலை. நுரைமெத்தையையும் பிளாத்திக்கு உட்கூரையையும் அகற்றுவது செலவன்று, சேமிப்பு. விறகையும் எரிவாயுவையும் பிள்ளைகளின் சுவரிலிருந்து பிரிக்கலாம். பணம் வேண்டியது ஒன்றுக்கே: கைகளுக்கு. நடக்காத மூன்று பிள்ளைகளுக்கு ஒருத்தி என்ற கணக்கை இன்று எட்ட முடியாதாயின், அழைத்த குரலுக்கு ஓடிவரக்கூடிய தூரத்தில், தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலைசெய்யும் நால்வரின் பெயர் ஒவ்வொரு மடுவத்துக்கும் குறிக்கப்படட்டும். அவர்களுக்கு அதற்கான நேரமும் கூலியும் குறைவின்றி வழங்கப்படட்டும்.

பாராளுமன்றத்திலுள்ள எமது பிரதிநிதிகளிடமும், சம்பளப் பேச்சு மேசையில் அமரும் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் நாம் வேண்டுவது பெரிதன்று. நாட்கூலியைப் பேசும் அதே மேசையில் பிள்ளைமடுவத்தின் கைக்கணக்கும் பேசப்படட்டும். பரிசோதகர் காலை ஒன்பது மணிக்கு வந்து தாளை நிரப்பிப் போவதை நிறுத்தி, பிள்ளைகள் உறங்கும் பிற்பகல் இரண்டு மணிக்கு, முன்னறிவித்தல் இன்றி வந்து மணியை அடிக்கட்டும். கடைசிக் குழந்தை முற்றத்துக்கு வந்து சேர எத்தனை நிமிடம் சென்றது என்பதைத் தமிழில் எழுதி, திகதியிட்டு, மடுவத்துக் கதவிலேயே தொங்கவிடட்டும். மாலையில் கூடையோடு வரும் தாய் அதை வாசித்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள்.