ஆய்வுப் பொருளா, ஆய்வாளரா?

பொதுச் சுகாதார ஆய்வு மக்களுக்காகவே நடைபெறுகின்றது என்பர். அவ்வாறாயின் அதன் வினாவை வகுப்பதிலும் விடையைக் காண்பதிலும் அம்மக்களுக்கு இடமில்லாதிருப்பது ஏன்? கோப்பாயின் கிணறுகளை முன்வைத்து இதனை எழுப்புதல் பொருந்தும்.

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்கும் மழைநீரே கிணற்று நீராகின்றது. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடப்படும் பசளையும், மலக்குழிகளின் கழிவும் பாறை வெடிப்புகளினூடே அந்நீரைச் சென்றடைகின்றன. இதனால் நைத்திரேற்று மிகுவதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனைக் கடந்த நீரிற் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமி அழியும், நைத்திரேற்றோ அழியாது, நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடும். இவ்வுண்மை ஆங்கில ஆய்வேட்டில் உறங்க, தாய் நம்பிக்கையோடு நீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருப்பாளாயின் அவ்வாய்வினாற் பயன் யாருக்கு?

மக்கள் பயிற்சியற்றோர், சார்புடையோர் என்பது மறுப்போர் வாதம். அளக்கும் முறையைப் பயிற்றிவிடலாம். எப்பயிருக்கு எப்போது எவ்வளவு பசளை இடப்பட்டது, மலக்குழி கிணற்றுக்கு எவ்வளவு அண்மையிலுள்ளது என்பனவற்றைத் தோட்டக்காரரே அறிவார். நைத்திரேற்றின் அளவு பருவந்தோறும் மாறுவது. ஒருநாள் வந்து போத்தலில் நீரள்ளிச் செல்பவர் அம்மாற்றத்தைக் காணார். மாதந்தோறும் அளக்கக்கூடியவர் கிணற்றுக்குரியவரே. சார்பும் ஆய்வுக்குத் தடையன்று. 1854இல் இலண்டனிற் கொலரா பரவியபோது, நீரே காரணம் என்ற ஜோன் சினோவின் கருத்தை மறுக்கப் புகுந்த ஹென்றி வைற்ஹெட் என்னும் உள்ளூர்க் குருவானவர், வீடுவீடாகத் தாம் திரட்டிய செய்திகளால் அதனையே உறுதிப்படுத்தினார்.

மேலும், பரிகாரம் மக்கள் கையிலேயே உள்ளது. பசளையைக் குறைத்தலும் மலக்குழியை இடம்மாற்றலும் சுற்றறிக்கையால் நிகழ்வன அல்ல. தன் கிணற்றைத் தானே அளந்தறிந்தவன் அம்முடிவை ஏற்பான். பிறர் கூறும் குற்றச்சாட்டை எளிதில் ஏலான்.

சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நிறைவேற்றுவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என 1978இல் அல்மா-ஆற்றாப் பிரகடனம் உரைத்தது. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடமும் தோன்றிற்று. எனினும் நீரள்ளும் வேலையை மட்டும் மக்களிடம் ஒப்படைத்துவிட்டு அதற்குப் பங்கேற்பு எனப் பெயரிடுவது ஏமாற்றேயாகும். எதனை ஆராய்வது, முடிவை எவ்வாறு பயன்படுத்துவது என்பனவற்றிலும் அவர்களின் குரல் ஒலித்தல் வேண்டும். குறைந்தபட்சம், ஆய்வேடு பல்கலைக்கழகத்தைச் சேருமுன் அதன் முடிவு கிணற்றுக்குரியவரின் கையிற் தமிழிற் சேர்தல் வேண்டும். அதனைச் செய்யாத ஆய்வு, கோப்பாயிலிருந்து பெற்றுக்கொண்டதே அன்றிக் கோப்பாய்க்கு எதனையும் வழங்கியதாகாது.