கட்டிவைத்த ஆட்டை அவிழ்க்கலாமா?

சேத்தியாத்தோப்புப் பக்கம் சம்பா அறுத்த வயலில் ஆடு விடுவது பழைய வழக்கம். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே நெல் தரிசு உளுந்து தெளித்தவருக்கோ, தாளுக்கிடையே நிற்பது இளம்பயிர். மேய்ந்த ஆட்டை அவர் பிடித்துக் கட்ட, ஆட்டுக்காரர் இரவோடு இரவாக அவிழ்த்து வர, மறுநாள் கைகலப்பு.

1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பிடித்த ஆட்டை 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்ப வேண்டும். பணம் வரும்வரை வீட்டில் கட்டிவைக்க முடியாது. பவுண்டிலிருந்து அவிழ்த்து வருவதும் தவறுதான். பவுண்டு இல்லாத ஊரில்? பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு ஆட்டை உடனே கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. நஷ்டக் கணக்கை அன்று பேச வேண்டாம். நுனி கடிபட்ட உளுந்து பெரும்பாலும் கணுவில் துளிர்க்கும். அடியோடு போனது வராது. ஒரு வாரம் கழித்து இருவரும் வயலில் நின்று எண்ணிப் பார்க்கட்டும்.