ஓய்வுநாள் யாருக்கு?

கிறிஸ்தவர்களிடம் ஓய்வுநாள் என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைதான். நல்ல துணி உடுத்தி, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போய் வந்துவிட்டால் கட்டளை நிறைவேறிவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் பத்துக் கட்டளைகளில் உள்ள ஓய்வுநாள் கட்டளையைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று தெரியும். அந்த நாளைப் பரிசுத்தமாக வைக்கச் சொல்லும் அந்தக் கட்டளையில் ஆலயத்துக்குப் போவது பற்றி எதுவும் இல்லை. வேலையை நிறுத்து என்றுதான் இருக்கிறது. யார் யார் நிறுத்த வேண்டும் என்ற பட்டியலும் இருக்கிறது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊருக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என்று அது நீளுகிறது.

இந்தக் கட்டளை வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 20-ம் அதிகாரம் சொல்லும் காரணம், தேவன் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5-ம் அதிகாரம் சொல்லும் காரணமோ வேறு. எகிப்தில் அடிமைகளாக இருந்ததை மறந்துவிடாதீர்கள் என்கிறது அது. அடிமைக்கு லீவு கிடையாது. அந்த வலியை அனுபவித்தவன் இன்னொருவனை அப்படி நடத்தக் கூடாது. இதுதான் கட்டளையின் உயிர்நாடி.

ஆனால் சபைகள் அதிகம் சண்டையிட்டது எந்த நாள் என்பதற்காகத்தான்! தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், ஆங்கிலேய மிஷனரிகளோடு முரண்பட்டு, 1857-ல் நாசரேத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரகாசபுரத்தில் தனிச்சபை தொடங்கினார். அந்தச் சபை ஞாயிறை விட்டுவிட்டு சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தது. வெள்ளைக்காரர் சொல்லித்தான் வேதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசியமில்லை என்று காட்டிய துணிச்சல் அது. 1908-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜே.எஸ். ஜேம்ஸ் அந்தப் பகுதிக்கு வந்து வேலை தொடங்கியதற்கும், அங்கே சனிக்கிழமை ஆசரிப்பவர்கள் ஏற்கெனவே இருந்தது ஒரு காரணம்.

சனியா, ஞாயிறா என்பது முக்கியமில்லாத கேள்வி என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, அந்த நாளில் யார் ஓய்ந்திருக்கிறார்கள் என்பது. கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தபோதுகூட நகரத்தாருக்குத்தான் ஓய்வு. நிலத்தில் பாடுபடுகிறவர்கள் வேலை செய்யலாம் என்று விட்டுவிட்டார். இந்தியாவில் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை வாங்கிக் கொடுத்தது யார்? ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே. 1884-ல் பம்பாய்த் தொழிலாளரைத் திரட்டிக் கோரிக்கை வைத்தார். 1890-ல்தான் அது கிடைத்தது. அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் உபாகமத்தின் நியாயம் அவருடைய போராட்டத்தில் இருந்தது.

இப்போது திருவண்ணாமலைக்கு வருவோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அந்தப் பாதையில்தான் அடி அண்ணாமலை இருக்கிறது. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். தங்கள் வேலையை விட்டுவிட்டு, மனதுக்கு ஓய்வு தேடி வருகிறார்கள். அவர்களுக்காக டீக்கடைக்காரரும், இளநீர் வெட்டுபவரும், ஆட்டோ ஓட்டுபவரும், குப்பை அள்ளும் துப்புரவுப் பணியாளரும் தூங்காமல் விழித்திருக்கிறார்கள். பௌர்ணமி சனி, ஞாயிறில் வந்துவிட்டால் கூட்டம் இன்னும் அதிகம். அந்த ஆட்டோ ஓட்டுபவர் ஒரு கிறிஸ்தவராக இருந்தால் என்ன செய்வார்? ஆலயத்துக்குப் போனால் வருமானம் போகும். போகாவிட்டால் "விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார்" என்று சபையில் பேச்சு வரும். அவர்மேல் குற்றம் சொல்வது சுலபம். வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதையைக் கவனியுங்கள். ஆறாம் நாளில் இரண்டு பங்கு கிடைத்தது. அதனால்தான் ஏழாம் நாளில் ஓய முடிந்தது. கூலியில்லாத ஓய்வுக்குப் பெயர் பட்டினி.

இதைத் தமிழ்நாட்டுச் சட்டமும் ஓரளவு புரிந்துவைத்திருக்கிறது. 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடை ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை தரவேண்டும். அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. 2021-ல் அதே சட்டத்தைத் திருத்தி, நின்றபடியே வேலை செய்யும் ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஆனால் சொந்த ஆட்டோ ஓட்டுபவருக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் இந்தச் சட்டம் துணைக்கு வருவதில்லை.

"கிறிஸ்தவர்கள் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல, ஓய்வுநாள் பழைய ஏற்பாட்டோடு முடிந்தது" என்று சிலர் சொல்வார்கள். பவுலின் நிருபங்களில் அதற்கு இடமுண்டு. நாளைக் குறித்து ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் மாற்கு 2-ல் இயேசு ஓய்வுநாளை ஒழித்துவிடவில்லை. அது மனிதனுக்காக உண்டானது என்றுதான் சொன்னார். மனிதனுக்காக என்றால் எல்லா மனிதருக்காகவும்தானே?

வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். ஆராதனை முடிந்து வந்ததும் கறிக்குழம்பு வேண்டும். அப்பாவும் பிள்ளைகளும் டிவி முன்னால் உட்கார, அம்மாவுக்கு ஞாயிறுதான் வாரத்திலேயே அதிக வேலை. கட்டளையின் பட்டியலில் மனைவி என்ற சொல் தனியாக இல்லை. "நீ" என்பதிலேயே அவரும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். ஆனால் பல வீடுகளில், பட்டியலில் பெயர் இல்லாதவர்தான் ஓய்வும் இல்லாமல் இருக்கிறார்.

ஓய்வுநாளின் மேன்மையைப் பிரசங்கிக்கும் சபைகள் சில சிறிய காரியங்களில் தொடங்கலாம். வீட்டுவேலை செய்பவருக்கு வாரம் ஒருநாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கும்படி விசுவாசிகளைக் கேட்கலாம். ஞாயிறு மதியச் சமையலை ஆண்கள் பொறுப்பேற்கலாம். ஞாயிறு பிழைப்பு உள்ளவர்களுக்காக வாரநாள் மாலையில் ஓர் ஆராதனை வைக்கலாம். அடுத்தவருக்குக் கிடைக்காத ஓய்வு பரிசுத்தமானது அல்ல. அது வெறும் வசதி.