கிளம்பினா காசு தர்றோம், போறீங்களா?

"எங்க கம்பெனியில ஏன் சேரணும்னு நினைக்கிறீங்க?" இன்டர்வியூவுல இப்படிக் கேட்டா பெரும்பாலும் வர்ற பதில்: "கத்துக்கணும், வளரணும், கம்பெனியையும் வளர்க்கணும் சார்." இது மனப்பாடம்னு கேட்கிறவருக்கும் தெரியும், சொல்றவருக்கும் தெரியும். ஒருத்தரோட நேர்மையையும் தொழில் மேல இருக்கிற ஈடுபாட்டையும் இந்த மாதிரிக் கேள்வியால எடைபோட முடியாதுங்கிறது என் கருத்து.

அமெரிக்காவில் ஆன்லைனில் ஷூ விற்ற ஸாப்போஸ் நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பயிற்சிக் காலத்திலேயே, "இப்பவே விலகினா, வேலை பார்த்த நாட்களுக்கான சம்பளத்தோட 2,000 டாலரும் தர்றோம்" என்று சொன்னது. 2009-ல் ஸாப்போஸை வாங்கிய அமேசான், பிறகு இதே முறையைத் தன் கிடங்கு ஊழியர்களுக்கும் கொண்டுவந்தது. 2014-ல் ஜெஃப் பெஸோஸ் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் விவரம் இருக்கிறது: முதல் முறை 2,000 டாலர், வருடத்துக்கு 1,000 கூடி, அதிகபட்சம் 5,000. இஷ்டமில்லாத இடத்தில் ஒருவர் ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்கும் நல்லதல்ல, கம்பெனிக்கும் நல்லதல்ல என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

நம்ம ஊர்ல பல இடங்கள்ல இது தலைகீழ். போனா நாமதான் காசு கட்டணும். அதுக்குப் பேர் பாண்ட். விஜயா வங்கி வழக்கில், 3 வருடம் முடிவதற்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரும்பவும் ஆள் எடுக்க செலவாகும், அது நியாயமான காரணம்தான். ஆனா பாண்ட் ஆளை மட்டும்தான் பிடிச்சு வைக்கும். அவர் மனசு எங்கே இருக்குன்னு அது காட்டாது.

சரி, நமக்கு இதுல என்ன? இன்னிக்கு உங்க ஹெச்ஆர் வந்து, "ரெண்டு மாசச் சம்பளம் தர்றோம், கிளம்புறீங்களா?"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க? "வேலை பிடிச்சிருக்கு, போக மாட்டேன்"னா சந்தோஷம். "இஎம்ஐ இருக்கே, எப்படிப் போறது?"ன்னு தோணுச்சுன்னா, அந்தப் பதிலை உங்க கடன்தான் சொல்லுது.

அதனால ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் சேர்த்து வைங்க. அது இருந்தா அடுத்த இன்டர்வியூவுல நீங்களும் தைரியமா கேட்கலாம்: பாண்ட் உண்டா? எத்தனை வருஷம்? எவ்வளவு? இதுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர் ஏன் போனார்? கம்பெனி உங்களை எடைபோடுற மாதிரி, கம்பெனியை நீங்களும் எடைபோடணும் பாஸ்!